ஒரு வாழ்வுக்கு இரு சாட்சி
தமிழில் தன்வரலாறுகளையும் வாழ்க்கை வரலாறுகளையும் இணைத்து வாசிப்பது பற்றி

வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும் பத்தாண்டு இடைவெளியில் தங்கள் இளமையை எழுதினார்கள். தங்கை பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அண்ணன் ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. தங்கை தன் கதை என்றே எழுதினார். அண்ணன் நாவல் என்று பெயர் கொடுத்தார். இரண்டிலும் அதே ஊர், அதே கத்தோலிக்கச் சூழல், அதே சாதித் தெருக்கள். ஆனால் பாதைகள் நேரெதிரானவை. தங்கை ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கும் ஆசையில் கன்னியர் மடத்துக்குள் போகிறார். அங்கும் சாதி இருப்பதைக் கண்டு சில ஆண்டுகளில் வெளியே வருகிறார். அண்ணனின் சிலுவைராஜோ படித்த படிப்புக்கு வேலை தேடி அலைகிறான். தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்பதால் கடைசியில் இந்துவாக மாறுகிறான். சாதி என்ற ஒன்றே ஒருவரைத் திருச்சபைக்குள்ளேயும், இன்னொருவரை அதன் வாசலிலேயும் வைத்து உடைக்கிறது. பாமா வலியோடு எழுதுகிறார், ராஜ் கௌதமன் எள்ளலோடு எழுதுகிறார். இரண்டையும் படித்தவருக்கே அந்தத் தெரு முழுதாகத் தெரியும்.

இந்தக் கட்டுரையின் கருத்தும் இதுதான். வாழ்க்கை வரலாறுகளை ஒற்றை ஒற்றையாகப் படித்துவிட்டு வைத்துவிடக் கூடாது. ஒன்றின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் படிக்க வேண்டும். எந்த மனிதரும் தன் வாழ்வை முழுக்கப் பார்த்துவிட முடியாது. தன் முதுகைத் தானே பார்க்க முடியாததுபோல, தன்வரலாற்றிலும் எழுதியவருக்குத் தெரியாத ஒரு பக்கம் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் நின்ற இன்னொருவர் எழுதியிருப்பார். தமிழில் அப்படி இணை சேர்க்கத் தக்க நூல்கள் நாம் நினைப்பதைவிட ஏராளம்.

நம் கிளை நூலகங்களில் ‘வாழ்க்கை வரலாறு’ அடுக்குக்குப் போனால் முதலில் கையில் அகப்படுபவை தலைவர்களைப் பற்றிய மெல்லிய நூல்கள். பிறந்தார், படித்தார், சிறை சென்றார், தொண்டாற்றினார், மறைந்தார் என்று ஐந்து படிகளில் முடிந்துவிடுபவை. பள்ளிப் போட்டிகளுக்கு அவை உதவும். ஆனால் அவற்றை மட்டும் படித்து வளர்ந்த பிள்ளைக்கு, மனிதர்கள் தயங்குவார்கள், கடன்படுவார்கள், பொறாமைப்படுவார்கள், மனம் மாறுவார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். அதே அடுக்கில் கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும் நூல்களைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

தன்னைப் பற்றி எழுதத் தொடங்கியது எப்போது?

தமிழில் தன் நாட்களை உரைநடையில் பதிந்துவைத்த முன்னோடி, புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இல் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை அந்த நாட்குறிப்பு நீள்கிறது. அவர் இறந்த சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்தது. கப்பல் வந்த நேரம், சரக்கு விலை, ஆளுநர் துய்ப்ளேயின் கோபதாபங்கள், அவர் மனைவியின் தலையீடு, 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டபோது ஊரில் எழுந்த பதற்றம் என எல்லாம் அன்றன்றைய சூட்டோடு பதிவாகியிருக்கின்றன. பிறர் படிப்பதற்கென்று எழுதாததால் அதில் ஒப்பனை குறைவு. தன் செல்வாக்கு கூடியதையும் குறைந்ததையும் ஒரு வியாபாரியின் கணக்குப்போலவே எழுதியிருக்கிறார்.

அதற்குப் பின் நீண்ட இடைவெளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தன் கதையை உரைநடையில் சொல்லக் கூச்சம் இருந்திருக்க வேண்டும். பாரதி ‘கனவு’ என்ற பெயரில் தன் இளமையைப் பாட்டாகவே சொன்னார். வ.உ.சி.யும் தன் வாழ்வை அகவலில் எழுதினார். அது அவர் மறைவுக்குப் பின்னரே நூலாக வந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனி நடத்தி, சிறையில் செக்கிழுத்த ஒருவர் அந்த அனுபவத்தை யாப்புக்குள் அடக்கிச் சொல்வதைப் படிக்கும்போது, செய்யுளின் கட்டுப்பாடே அவர் துயரத்தை நிமிர்ந்து நிற்க வைத்ததோ என்று தோன்றுகிறது.

உரைநடைத் தன்வரலாற்றுக்குப் பெரிய வாசலைத் திறந்தவை பத்திரிகைகள். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. பின்னாளில் எம்.ஜி.ஆரின் ‘நான் ஏன் பிறந்தேன்’ வந்ததும் அதே இதழில்தான். தொடராக எழுதும்போது ஒவ்வொரு வாரமும் ஒரு நிகழ்ச்சி தேவைப்படும். ஒரு மனிதர், ஒரு உரையாடல், ஒரு சிறு திருப்பம் வேண்டும். தமிழ்த் தன்வரலாறுகளில் பல, கதைபோல ஓடுவதற்கு இது ஒரு காரணம். கருத்தைவிடச் சம்பவம் முந்தி நிற்பதற்கும் இதுவே காரணம்.

குருவின் கதையும் சீடரின் கதையும்

‘என் சரித்திரம்’ படிக்காமல் தமிழ்த் தன்வரலாற்றைப் பற்றிப் பேச முடியாது. அதில் ஒரு நாள் மட்டும் போதும். 1880 அக்டோபர் 21. கும்பகோணம் கல்லூரியில் புதிதாகத் தமிழாசிரியரான இருபத்தைந்து வயது சாமிநாதையர், ஊருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. இவை எல்லாவற்றுக்கும் மூலமான பழைய நூல்களைப் படித்தது உண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணியின் பெயரைச் சொல்கிறார். ஐயர் அதைப் பார்த்ததுகூட இல்லை; புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்ல வேண்டிய நிலை அவருக்கு. கற்றவர் என்ற பெருமிதம் அந்த நிமிடத்தில் கழன்று விழுவதை அறுபதாண்டுக்குப் பின்னும் மறைக்காமல் எழுதுகிறார். ஏழாண்டு கழித்து 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பின்னாலேயே பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. சங்க இலக்கியம் அச்சேறிய வரலாற்றில் பெரும்பகுதி, ஒரு இளைஞர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒத்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமையில் தொடங்குகிறது.

1942இல் அவர் மறைந்ததால் அந்நூல் நடுவழியில் நின்றுவிட்டது. ஆனால் அதற்கு முன்பே அவர் இன்னொரு வரலாற்றை முடித்திருந்தார். அதுதான் தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரம். 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகமாக வந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தன்வரலாற்றில் பிள்ளையவர்கள் ஒரு மாணவனின் பயபக்தி வழியே தெரிகிறார். ஆசிரியர் வரலாற்றிலோ நூற்றுக்கணக்கான பாடல்களை வாய்மொழியாகவே சொல்லிக்கொண்டு போகும் புலவர், சாதி மதம் பாராமல் பாடம் சொன்ன ஆசான், பிறருக்குச் சோறிட்டுத் தான் கடன்பட்ட குடும்பஸ்தர் எனப் பல பிள்ளைகள் தெரிகிறார்கள். மடங்களையும் மிராசுதார்களையும் நம்பி வாழ்ந்த பழைய புலமையின் கடைசித் தலைமுறை ஆசிரியர். அச்சு இயந்திரத்தையும் அரசுக் கல்லூரியையும் நம்பிய முதல் தலைமுறை சீடர். இரண்டு நூலுக்கும் இடையில் ஒரு யுகம் மாறுகிறது.

ஒன்றை மட்டும் வருத்தத்தோடு குறிக்க வேண்டும். இத்தனை பக்கங்களிலும் அந்த வீடுகளின் பெண்கள் மிகக் குறைவாகவே பேசுகிறார்கள். யார் சமைத்தார்கள், யார் நகையைக் கழற்றித் தந்தார்கள் என்பதை நாம் வரிகளுக்கு இடையில் தேட வேண்டியிருக்கிறது.

பாரதியைச் சுற்றி நால்வர்

ஒரே மனிதரைப் பலர் பார்த்து எழுதியதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த உதாரணம் பாரதி. 38 வயதில் போய்விட்டவர். முழுத் தன்வரலாறு எழுத அவகாசம் கிடைக்கவில்லை. அந்த இடத்தை அவரைச் சுற்றி இருந்தவர்கள் நிரப்பினார்கள்.

மனைவி செல்லம்மா சொல்லச் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதிய ‘பாரதியார் சரித்திரம்’ 1941இல் வந்தது. நாளைக்கு அரிசிக்கு என்ன வழி என்ற கவலை, மேதையோடு குடித்தனம் நடத்துவதன் பாரம் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நண்பர் வ.ரா.வின் ‘மகாகவி பாரதியார்’ அவரை ஒரு யுகபுருஷராக நிறுத்துகிறது. அந்த உற்சாகம் இன்றும் தொற்றக்கூடியது. புதுச்சேரியில் பாரதியின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’, ஒரு சிறுமியின் உயரத்தில் இருந்து அவரைப் பார்க்கிறது. பெரியவர்கள் கவனிக்காத கோபமும் சிரிப்பும் அந்தக் குழந்தையின் கண்ணில் பட்டிருக்கின்றன. புதிதாகப் பிறந்த பாட்டை முதலில் கேட்ட காதும் சிலவேளை அவளுடையதே. தலித் இளைஞரான ரா.கனகலிங்கத்துக்குப் பாரதி பூணூல் அணிவித்தார். அவர் எழுதியது ‘என் குருநாதர் பாரதியார்’. சாதி இல்லை என்று பாடியவர் ஒரு நாள் அதை எப்படிச் செய்து காட்டினார் என்பதற்கு, அதை உடலில் ஏற்றுக்கொண்டவரே சாட்சி சொல்லும் நூல் அது.

மனைவி, நண்பர், குழந்தை, சீடர். நான்கு பேரும் ஒரே ஆளைத்தான் சொல்கிறார்களா என்று சில இடங்களில் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் வரும் இடத்தில்தான் உயிருள்ள மனிதர் தென்படுகிறார். நால்வரும் ஒத்துப்போகும் இடத்தில் சிலைதான் இருக்கும்.

புதுமைப்பித்தனையும் இப்படிப் படிக்கலாம். அவர் 1948இல், 42 வயதில் காசநோயால் இறந்தார். மூன்றே ஆண்டில், 1951இல், நண்பர் ரகுநாதன் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ எழுதினார்; தமிழில் ஒரு நவீன எழுத்தாளரைப் பற்றி வந்த வாழ்க்கை வரலாறுகளில் அதற்கு இன்றும் தனி இடம் உண்டு. அதன் பக்கத்தில், மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பான ‘கண்மணி கமலாவுக்கு’ நூலை வைத்துப் பாருங்கள். கதைகளில் இரக்கமின்றிச் சிரித்தவர், கடிதங்களில் பணம் அனுப்ப முடியாத கணவராகத் தவிக்கிறார்.

மேடையின் இரண்டு வாசல்கள்

தமிழ் நாடகத்தைப் பற்றிப் படிக்க விரும்புவோருக்கு இரண்டு பெரிய தன்வரலாறுகள் இருக்கின்றன. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ ஒன்று. தி.க.சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ மற்றொன்று.

சம்பந்த முதலியார் படித்தவர், வழக்கறிஞர், பின்னாளில் நீதிபதி. 1891இல் சென்னையில் நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். பகலில் அலுவலகம், மாலையில் ஒத்திகை. கூத்தாடிகள் என்று இகழப்பட்ட தொழிலுக்குப் பட்டதாரிகளை இழுத்துவந்த பெருமை அந்தச் சபைக்கு உண்டு.

சண்முகம் வந்த வாசல் வேறு. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் அண்ணன் தம்பிகளோடு சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. பள்ளிக்கூடம், விளையாட்டு, வீடு எல்லாம் கம்பெனிதான். அந்த நூலில் மறக்க முடியாத ஒரு இரவு வருகிறது. பிள்ளைகள் நடிக்க அபிமன்யு நாடகம் வேண்டும் என்றதும் சுவாமிகள் விளக்கின் முன் உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறார். விடிவதற்குள் வசனமும் பாட்டுமாக முழு நாடகமும் தயார். அடித்தல் திருத்தல் இல்லை. காலையில் அந்தத் தாள்களைப் பார்த்து வாய்பிளந்து நின்ற சிறுவன், ஐம்பதாண்டு கழித்து அந்த வியப்பு மங்காமல் எழுதுகிறார். ஒரு மேதையின் வேகத்தைச் சொல்ல விமர்சகரின் பத்துக் கட்டுரைகளும் இந்த ஒரு சிறுவனின் பார்வைக்கு ஈடில்லை.

முதலியாருக்கு நாடகம் விருப்பம். சண்முகத்துக்கு அது சோறு. இருவரையும் படித்தபின், விந்தன் கேட்டு எழுதிய ‘நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் சிறைச்சாலைச் சிந்தனைகள்’ நூலை எடுக்க வேண்டும். ராதாவும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான். ஆனால் சண்முகம் நன்றியோடு நினைக்கும் உலகத்தை ராதா வீட்டை விட்டு ஓடிவந்த பையனின் குரலில் பேசுகிறார். எழுதிய நடைக்கும் பேசிய நடைக்கும் உள்ள தூரத்தை இந்த மூன்று நூல்களில் நன்றாக உணரலாம்.

அதே மேடைகளில் நின்ற பெண்கள் தங்கள் கதையை எழுதவில்லை. அல்லது எழுத இடம் கிடைக்கவில்லை. இசை மேடையின் பெங்களூர் நாகரத்தினம்மாளையும் நடன மேடையின் பாலசரஸ்வதியையும் பற்றிய விரிவான வரலாறுகள் பிற்காலத்தில் பிறர் எழுதியவை, ஆங்கிலத்தில் வந்தவை.

பொதுவாழ்வில் இருந்தவர்கள்

அரசியலில் இருந்தவர்களின் தன்வரலாறுகள் தமிழில் நிறைய. எல்லாவற்றையும் ஒரே பொறுமையோடு படிக்க வேண்டியதில்லை. கூட்டம் கூட்டமாகப் பெயர்களும் மாநாட்டுத் தீர்மானங்களும் வரும் பக்கங்களைக் கடந்துவிடலாம். தவறவிடக் கூடாதவை சில உண்டு.

திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’ 1944இல் வந்தது. 1918இல் பி.பி.வாடியாவோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர், சைவத்தையும் தொழிலாளர் உரிமையையும் ஒரே மூச்சில் பேசியவர். அந்த மனம் எப்படி உருவானது என்று அவரே சொல்கிறார். ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’ இன்னொரு வகை. தொடக்கப் பள்ளியைத் தாண்டாமல், அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த ஒருவர் சிலப்பதிகாரத்துக்கும் வடக்கெல்லைக்கும் குரல் கொடுத்தவரான கதை அது. காந்திய இயக்கத்தைப் பெண்ணின் இடத்திலிருந்து அறிய எஸ்.அம்புஜம்மாளின் ‘நான் கண்ட பாரதம்’ வேண்டும். காங்கிரஸ் தலைவராக இருந்த சீனிவாச ஐயங்காரின் மகள். வைரம் அணிந்த வீட்டிலிருந்து கதருக்கு வந்தவர்.

திராவிட இயக்க ஆண்டுகளுக்கு இணை தேட வேண்டியதே இல்லை. கண்ணதாசனின் ‘வனவாசம்’ ஒரு பக்கம், மு.கருணாநிதி ஆறு பாகங்களாக எழுதிய ‘நெஞ்சுக்கு நீதி’ மறுபக்கம். ஒரே மேடைகள், ஒரே தோழர்கள், ஒரே ஆண்டுகள். ஒருவர் 1961இல் தி.மு.க.வை விட்டு வெளியேறியவர். தன் தவறுகளையும் சரிவுகளையும் உரக்கச் சொல்லி, அந்த வேகத்தில் பிறரையும் விடாமல் எழுதுகிறார். மற்றவர் கடைசிவரை அந்த இயக்கத்தின் தலைவராக இருந்தவர். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் அதன் வரலாற்றுக்குள் வைத்துப் பொறுப்போடு எழுதுகிறார். ஒன்றில் வெளியேறியவரின் காயம் பேசுகிறது, மற்றதில் தங்கியவரின் கடமை பேசுகிறது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்படாமல் இரண்டையும் படித்தால், நட்பும் அரசியலும் எங்கே பிரிகின்றன என்பது புரியும்.

காய்ந்தும் காயாத தழும்புகள்

சாதியின் கொடுமையைத் தாமே எழுதிய குரல்கள் 1990களில்தான் தொடங்கின என்று நினைப்பது பிழை. ‘பறையன்’ இதழை 1893இல் தொடங்கியவர், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் இரட்டைமலை சீனிவாசன். 1930களின் கடைசியில் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சின்ன நூலை அவர் வெளியிட்டார். பெயருக்கு ஏற்றபடி சுருக்கம்தான். தன் துயரைவிடத் தன் மக்களுக்காக எழுதிய மனுக்களையே அதிகம் சொல்கிறார். சொந்த வலியைச் சொல்ல அந்தத் தலைமுறைக்கு நேரம் இருக்கவில்லை.

அந்த வலி பாமாவின் ‘கருக்கு’வில் வாய்திறந்தது. பனை மட்டையின் இருபுறமும் அறுக்கும் பற்களே கருக்கு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளியிலிருந்து வேடிக்கை பார்த்தபடி வீட்டுக்கு வருகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கடையில் வாங்கிய பலகாரப் பொட்டலத்தை, கட்டியிருக்கும் சணலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி நடந்துவருகிறார். நிலக்காரரிடம் குனிந்து நீட்டுகிறார். பொட்டலம் பிரிந்துவிடாதா என்று சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக்காட்டுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம் கை பட்டால் தீட்டு என்பதால்தான் அப்படித் தூக்குகிறார் என்று விளக்குகிறார். சிரிப்பு நின்று கோபம் தொடங்கும் அந்த நிமிடத்தில் ஒரு குழந்தைப்பருவம் முடிந்துபோகிறது. இதை ஊர்ப் பேச்சிலேயே, இலக்கணம் பார்க்காமல் எழுதியதுதான் அந்த நூலின் துணிச்சல்.

கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ 2005இல் வந்தது. நாட்டுப்புறப் பாடகர், நாடகப் பேராசிரியர், பின்னாளில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். இளையான்குடிப் பக்கத்தில் கழிந்த இளமையை அவர் ஆவேசமின்றி, சில இடங்களில் சிரிப்போடுகூடச் சொல்கிறார். இளையான்குடி முஸ்லிம்கள் தன்னிடம் சாதி பார்க்காமல் பழகியதையும், ஊர்ப்புறத்துக்குப் போனால் தீண்டாமை காத்திருந்ததையும் அருகருகே வைக்கிறார். பாமாவுக்குத் திருச்சபை எப்படியோ அப்படி இவருக்கு இளையான்குடி, அளந்து பார்க்கும் ஒரு கோல். மதம் மாறினால் சாதி போகுமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு நூல்களும் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. இரண்டையும் கேட்காமல் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் வெளியிலும்

புகழ் இல்லாத ஒரு வாழ்க்கைக்கு வரலாறு எழுத முடியுமா? மைதிலி சிவராமன் எழுதிக் காட்டினார். கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றி அழுத்தமாக எழுதிய அந்தத் தொழிற்சங்கத் தலைவர், தன் பாட்டி சுப்புலட்சுமி விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் தாள்களையும் கொண்டு 2006இல் ஆங்கிலத்தில் ‘ஃபிராக்மெண்ட்ஸ் ஆஃப் எ லைஃப்’ எழுதினார். சிறுவயதுத் திருமணம், அடங்காத படிப்பாசை, வெளியே போக முடியாத வீடு. ஆவணம் இருக்கும் இடத்தில் அதைச் சொல்கிறார். இல்லாத இடத்தை இட்டுக்கட்டி நிரப்பாமல் வெறுமையாகவே விடுகிறார். அந்த நேர்மை வாழ்க்கை வரலாறு எழுதும் எவருக்கும் பாடம். பெருமாள்முருகன் தன் தாயைப் பற்றி எழுதிய ‘தோன்றாத் துணை’ இன்னொரு வழி. காடும் ஆடும் மாடும் அடுப்புமாக உழைத்தே தீர்ந்த ஒரு கொங்குப் பெண், மகனின் நினைவில் ஆளுமையாக எழுந்து நிற்கிறார்.

வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் கதைகளும் வந்துவிட்டன. திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், சரவணன் வித்யா’ 2007இல் வந்தது. பின்னர் அதைத் தழுவிக் கன்னடத்தில் திரைப்படமும் எடுத்தார்கள். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஏ.ரேவதியின் வாழ்க்கை முதலில் 2010இல் ஆங்கில மொழிபெயர்ப்பில் வெளியாகி, அதன் பிறகே ‘வெள்ளை மொழி’ என்று தமிழ்ப் புத்தகமானது. தமிழில் எழுதிய ஒரு திருநங்கையின் வாழ்க்கை தமிழருக்கு முன் ஆங்கில வாசகரைப் போய்ச் சேர்ந்தது என்பதை நாம் யோசித்துப் பார்க்க வேண்டும். வித்யா படித்த இளைஞரின் கோபத்தோடு கேள்வி கேட்கிறார். ரேவதி திருநங்கையரின் ஜமாத்து வாழ்க்கையின் பாசத்தையும் அடியையும் உள்ளிருந்து சொல்கிறார். மலையாளத்திலிருந்து குளச்சல் மு.யூசுப் தமிழாக்கிய, பாலியல் தொழிலாளியான நளினி ஜமீலாவின் தன்வரலாற்றையும், ‘திருடன் மணியன்பிள்ளை’யையும் இதே வரிசையில் வைக்கலாம். ஒழுக்கம் என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லைக் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வைக்கும் நூல்கள் இவை.

ஈழத்தின் சாட்சிகள்

ஈழப் போராட்டத்தைப் பற்றிய நினைவுநூல்களில் மீண்டும் ஒரு உடன்பிறந்த இணை. தம்பி சி.புஷ்பராஜா ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ எழுதினார். அக்கா புஷ்பராணி ‘அகாலம்’ எழுதினார். மயிலிட்டியிலிருந்து தொடங்கிய அதே பயணம். தம்பியின் நூல் கூட்டங்கள், பிளவுகள், பெயர்கள் என்று இயக்க வரலாறாக விரிகிறது. அக்காவின் நூல், போராட்டத்துக்கு முதலில் வந்த பெண்களில் ஒருத்தி காவல்துறையிடம் பட்ட சித்திரவதையையும், அரசியலுக்கு வந்த பெண்ணை ஊர் பார்த்த பார்வையையும் சொல்கிறது. தம்பியால் எழுத முடியாத பகுதி அது.

விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக இருந்த தமிழினி 2015இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ அடுத்த ஆண்டு வந்தபோது கடும் விவாதம் எழுந்தது. தோல்விக்குப் பின் திரும்பிப் பார்ப்பதைத் துரோகம் என்றவர்களும் உண்டு, தாமதமான நேர்மை என்றவர்களும் உண்டு. முடிவு எதுவானாலும், போர் முடிந்த நாளின் பேரமைதியை உள்ளிருந்து கேட்ட ஒருவரின் குரல் அது. புஷ்பராணி தொடக்கத்தைச் சொன்னார், தமிழினி முடிவைச் சொன்னார். இடையில் முப்பது ஆண்டுகளும் எண்ணற்ற மரணங்களும் கிடக்கின்றன.

எப்படிப் படிப்பது?

இத்தனை நூல்களைப் படித்ததில் எனக்குக் கைவந்த சில வழக்கங்களைச் சொல்கிறேன். முதலாவது, எழுதிய ஆண்டைப் பார்ப்பது. ஆறு வயதில் நடந்ததை அறுபதில் எழுதும்போது, எழுதுவது அறுபது வயதின் மனம். இரண்டாவது, எழுதியது யார் கை என்று பார்ப்பது. சொல்லக் கேட்டு எழுதியதா, தானே எழுதியதா, மொழிபெயர்ப்பா? செல்லம்மாவின் சொல்லுக்கும் நமக்கும் இடையில் தங்கம்மாள் இருக்கிறார். ராதாவுக்கும் நமக்கும் இடையில் விந்தன் இருக்கிறார். மூன்றாவது, யாருடைய பெயர் வரவில்லை என்று பார்ப்பது. சமையலறை, கடன், நோய், கீழ்ச்சாதி வேலையாள். இவை இல்லாத தன்வரலாறு பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அரைகுறையானது. நான்காவது, விடுபட்டதை எழுதியிருக்கக்கூடிய இன்னொருவரைத் தேடிப் போவது.

இந்தப் பழக்கம் எனக்கு நூலகத்தில் வரவில்லை. என் தாத்தா கோடு போட்ட நோட்டுகளில் வீட்டுக் கணக்கு எழுதிவைத்தவர். அவர் காலமான பிறகு அவற்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1966ஆம் ஆண்டு நோட்டில், ஐப்பசி மாதத்தில் ஒரு வரி: சங்கிலி 3 பவுன், அடகு, ரூ.150. அடுத்த வரியில் விதைநெல். அதற்கடுத்து மண்ணெண்ணெய். ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாசித்துக் காட்டினேன். அந்தச் சங்கிலி அவள் அம்மா சாகும்போது கழற்றிக் கொடுத்தது என்றாள். தாத்தா கேட்கவே இல்லையாம். திண்ணையில் இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். மூன்றாம் நாள் காலையில் தானே கழற்றி அவர் துண்டில் முடிந்துவிட்டாளாம். மீட்டார்களா என்று கேட்டேன். அவள் வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

தாத்தா வலப்பக்கத்தில் மட்டும் எழுதுவார். இடப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவார். ஆச்சி சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, அந்த வரிக்கு நேரே, இடப்பக்கத்தில் எழுதினேன்.